ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ்: டப்ளின் தெருவில் பிறந்த சோல் ராக் குழு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ்?

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் 1985-இல் உருவான ராக் குழு. பாட்டும் பியானோவும் லியம் ஓ மீன்லீ. கிட்டார் ஃபீயக்னா ஓ ப்ரீனான். பேஸ் கிட்டார் பீட்டர் ஓ'டூல். சாக்ஸபோன் லியோ பார்ன்ஸ். டிரம்ஸ் ஜெர்ரி ஃபெஹிலி. உலகம் அறிந்த அணி இந்த ஐவர்தான்.

அயர்லாந்து ராக் என்றால் நம்மில் பலருக்கு யூ2 நினைவுக்கு வரும், அதற்கடுத்து கிரான்பெரீஸ். இவர்கள் அந்த இரண்டு வகையிலும் சேரமாட்டார்கள். யூ2வில் கிட்டாரின் எதிரொலிதான் முன்னால் நிற்கும். இவர்களிடம் பியானோவும் சாக்ஸபோனும் தொண்டை கிழியப் பாடும் குரலும் நிற்கும். ராக் குழு என்று முத்திரை குத்தப்பட்டாலும், கேட்கும்போது அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயத்தின் வாசனை அடிக்கும். அந்தத் தேவாலயப் பாட்டிலிருந்து கிளைத்ததுதான் சோல் இசை. அந்த வாசனை டப்ளினுக்கு எப்படி வந்தது என்பதுதான் இவர்களைப் பற்றிய நல்ல கேள்வி. அதற்குக் கீழே வருவோம்.

குழு எப்படித் தொடங்கியது?

ஒரு பள்ளிக்கூடத்தில். லியமும் ஃபீயக்னாவும் சிறுவயதிலிருந்தே பழக்கம். இருவரும் படித்தது தெற்கு டப்ளினில் உள்ள 'கொலாஷ்டே ஓயின்' என்ற ஆண்கள் பள்ளியில். 1969-இல் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியில் கணக்கு, அறிவியல், வரலாறு எல்லாமே ஐரிஷ் மொழியில்தான் நடக்கும். வாசலைத் தாண்டினால் ஊர் முழுக்க ஆங்கிலம், உள்ளே ஐரிஷ். ஐரிஷ் மொழியோடு அதன் இசையும் சேர்ந்தே வந்தது. லியம் பள்ளிப் பருவத்திலேயே 'பௌரான்' வாசிப்பில் பரிசு பெற்றவர். ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் இழுத்துக் கட்டி, சிறு குச்சியால் வாசிக்கும் தட்டையான பறை அது.

அந்தப் பள்ளியிலிருந்து வந்த இசைக்காரர்கள் இவர்கள் மட்டுமல்ல. 'கீலா' என்ற நாட்டார் இசைக்குழு 1987-இல் முளைத்ததும் அங்கேதான். ஒரே பள்ளிக்கூடத்துக்கு இது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் படுகிறது.

லியம் முதலில் பங்க் பாடினாராமே, உண்மையா?

உண்மை. பங்க் என்றால் வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் வகை. பதின்ம வயதில் அவர் இருந்தது 'தி காம்ப்ளெக்ஸ்' என்ற பங்க் குழுவில். உடன் இருந்தவர்கள் கெவின் ஷீல்ட்ஸ், கொலம் ஓ கீசோக். பின்னாளில் 'மை ப்ளடி வேலன்டைன்' குழுவை உருவாக்கிய அதே இருவர். செக்ஸ் பிஸ்டல்ஸ், ரமோன்ஸ் பாட்டுகளை வாசித்துக்கொண்டு ஒரு சில மேடைகள் ஏறினார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவரவர் போன திசையைப் பாருங்கள். ஒரு தரப்பு, குரலே கேட்காத அளவுக்குக் கிட்டார் இரைச்சலை அடுக்கி ஒரு புது வகையையே உண்டாக்கியது. இன்னொரு தரப்பு, குரலைத் தவிர வேறெதையும் நம்பாமல் தெருவுக்குப் போனது.

தெருவில் பாடியது எந்தக் காலம்? என்ன பெயரில்?

1985. 'தி இன்கம்பேரபிள் பென்சினி பிரதர்ஸ்' என்ற பெயரில், சர்க்கஸ் கம்பெனி மாதிரி. பாடிய லியமும் ஃபீயக்னாவும் சகோதரர்களும் அல்ல, பென்சினியும் அல்ல. விரைவிலேயே பீட்டர் ஓ'டூலும் சேர்ந்துகொண்டார். ஓராண்டுக்குள் தெருக் கலைஞர்களுக்கான விருதும் கிடைத்தது.

அன்றைய டப்ளினைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். எண்பதுகளின் நடுவில் அயர்லாந்தில் வேலையில்லாதவர்கள் சுமார் 17 சதவீதம். படித்து முடித்தவர்கள் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலோ விமானமோ ஏறிக்கொண்டிருந்தார்கள். ஊரிலேயே தங்கிவிட்ட இளைஞனிடம் ஒன்று மட்டும் ஏராளமாக இருந்தது: நேரம். நகரத்தின் கடைவீதியான கிராஃப்டன் தெருவில் அதே காலத்தில்தான் வாகனங்களை நிறுத்தி, நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியிருந்தார்கள். பாட நேரம் உண்டு, நிற்க இடம் உண்டு, முன்னால் கூட்டமும் உண்டு.

தெருவில் பாடுவது மேடையில் பாடுவதைவிடக் கடினம். மைக் கிடையாது. டிக்கெட் வாங்கி வந்தவன் எவனும் கிடையாது. எதிரே வருகிறவன் பால் வாங்கப் போகிறான், அல்லது பேருந்தைப் பிடிக்க ஓடுகிறான். அவன் உங்களைக் கடந்து போக எடுக்கும் ஐந்தாறு நொடிக்குள் குரல் அவனைப் பிடித்து நிறுத்த வேண்டும். நீளமான முன்னிசை வாசித்துக்கொண்டிருந்தால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவான். நின்றுவிட்டால், அவனைப் பிடித்து வைக்க ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு தடவையும் சூடேற்றிக்கொண்டே போக வேண்டும். இவர்களுடைய பாட்டுகளில் கடைசி ஒரு நிமிடம் அப்படித்தான் இருக்கும்: ஒரே வரி, மேலே மேலே. இதைச் சோல் இசையின் பாதிப்பு என்று விமர்சகர்கள் எழுதினார்கள். தவறில்லை. ஆனால் பாதி காரணம் கிராஃப்டன் தெரு என்பேன்.

பீட்டர் ஓ'டூல் என்றால் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' நடிகரா?

இல்லை. பெயர்தான் ஒன்று. இவர் பேஸ் கிட்டாரோடு புசூக்கி என்ற நரம்பு வாத்தியமும் வாசிப்பவர்.

அயர்லாந்துக்கும் சோல் இசைக்கும் என்ன சம்பந்தம்?

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, ஷோபேண்டுகள். ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து எழுபதுகள் வரை அயர்லாந்தின் நடனக் கூடங்களை ஆண்டவை இவைதான். ஒரே மாதிரி கோட்டு சூட்டு, டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் அந்த வாரம் எது ஓடுகிறதோ அதை அப்படியே வாசிப்பார்கள். நகல்தான் என்று பின்னால் வந்த ராக் தலைமுறை இவர்களைக் கேலி செய்தது. ஆனால் கிராமத்து இளைஞனின் காதில் பித்தளை வாத்தியத்தோடு சோல் பாட்டை முதலில் போட்டவர்கள் இவர்கள்தான். பெல்ஃபாஸ்ட்டின் பாடகர் வான் மாரிசன் பாடம் படித்ததும் ஒரு ஷோபேண்டில். அவருடைய அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். வீட்டில் அமெரிக்க ப்ளூஸ், ஜாஸ் இசைத்தட்டுகள் குவிந்து கிடந்தன. 1964-இல் 'தெம்' குழுவோடு பெல்ஃபாஸ்ட்டின் மாரிடைம் ஹோட்டலில் பாடத் தொடங்கியவர், 1973-இல் 'கலிடோனியா சோல் ஆர்கெஸ்ட்ரா' என்று பெயரிலேயே சோலை வைத்து ஒரு பெருங்குழுவோடு ஊர் ஊராகப் போனார். அயர்லாந்துக்காரன் சோல் பாடலாமா என்ற கேள்வி அதோடு முடிந்துபோனது.

இரண்டாவது வழி இன்னும் பழையது. ஐரிஷ் மொழியில் 'ஷான் நோஸ்' என்று ஒரு பாடல் மரபு உண்டு. துணை வாத்தியம் கிடையாது, கட்டான தாளம் கிடையாது. பாடுபவர் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல்லைப் பிடித்து வளைத்து, நெளித்து, மூச்சு இருக்கும்வரை இழுத்துப் பாடுவார். நம் ஊரில் விருத்தம் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லியம் இந்த மரபில் ஊறியவர். அமெரிக்க சோல் பாடகி அரீதா ஃப்ராங்க்ளின் தேவாலயத்தில் கற்ற பாடும் முறையிலும் அதே வளைவுகள் உண்டு: ஒரு எழுத்துக்கு ஏழு சுரம், சொல்லை விட உணர்ச்சிக்கு முதல் இடம். ஆகவே லியம் சோல் பாடும்போது புதிதாக ஒரு வேடம் போட வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே தொண்டையில் இருந்ததை பியானோவின் தாளத்தில் ஏற்றினார்.

இதனால்தான் அந்தக் காலத்தில் லண்டனில் சோல் பாட முயன்ற பல வெள்ளைப் பாடகர்களிடம் தெரியும் செயற்கை இவரிடம் தெரியாது. சில இடங்களில் மிகையாகப் போகிறார் என்பது உண்மை. போலியாகப் போகவில்லை.

யூ2வின் பாடகர் பானோதான் இவர்களைக் கண்டுபிடித்தாரா?

இது கொஞ்சம் பெரிதாக்கப்பட்ட கதை. 1986-இல் இவர்கள் தொலைக்காட்சியில் பாடியதை பானோ பார்த்தார். முதல் சிங்கிளை, அதாவது ஒற்றைப் பாட்டு இசைத்தட்டை, வெளியிட உதவுவதாகச் சொன்னார். அது உண்மை. ஆனால் அதற்குள் குழு 'ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு, சொந்தமாகப் பாட்டெழுதி, அயர்லாந்து முழுவதும் சுற்றி வந்திருந்தது. 'ஒப்பந்தமாகாத குழுக்களில் ஐரோப்பாவிலேயே சிறந்தது' என்று 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையே எழுதியது. தொலைக்காட்சிக்கு வந்தவர்களைத்தான் பானோ பார்த்தார். தெருவில் நின்றவர்களை அல்ல.

யூ2 செய்த உதவியையும் குறைத்துப் பேச வேண்டாம். 1984-இல் அவர்கள் தொடங்கிய 'மதர் ரெக்கார்ட்ஸ்' ஒரு நல்ல யோசனை. புதிய ஐரிஷ் குழு ஒன்றுக்கு முதல் சிங்கிள் ஒன்றை வெளியிட்டுக் கொடுப்பது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பெரிய நிறுவனத்தின் கதவைத் தட்டுவது. இன் துவா நுவா, காக்டஸ் வேர்ல்ட் நியூஸ் ஆகிய குழுக்களும் இந்த வாசல் வழியே போனவைதான். ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸின் 'லவ் டோன்ட் வர்க் திஸ் வே' 1987-இல் அப்படி வெளிவந்தது. உடனே பாலிகிராம் குழுமத்தைச் சேர்ந்த லண்டன் ரெக்கார்ட்ஸ் ஒப்பந்தம் போட்டது. கதவு திறந்ததும் மதர் ஒதுங்கிக்கொண்டது. திட்டமே அதுதான்.

'தி கமிட்மென்ட்ஸ்' படம் இவர்களைப் பற்றியதா?

இல்லை. டப்ளின் தொழிலாளர் குடியிருப்பு இளைஞர்கள் சோல் குழு ஒன்றைத் தொடங்கும் கதை அது. ராடி டாய்லின் நாவல் 1987-இல் வந்தது. ஆலன் பார்க்கர் 1991-இல் படமாக்கினார். அதில் வருவது வடக்கு டப்ளினின் உழைக்கும் வர்க்கம். இவர்கள் தெற்கு டப்ளின், ஐரிஷ் வழிப் பள்ளி. டப்ளின்காரர்களுக்கு இந்த வடக்கு–தெற்கு வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

ஆனாலும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. படத்தில் பின்னணிப் பாடகி நடாலியாக நடித்த மரியா டாய்ல் கென்னடி, நிஜத்தில் ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸின் ஆரம்பகால உறுப்பினர். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே விலகி, 'பிளாக் வெல்வெட் பேண்ட்' குழுவுக்குப் போனார். அதே படத்தில் கிட்டார்காரராக நடித்த கிளென் ஹான்சார்டும் கிராஃப்டன் தெருவில் பாடி வளர்ந்தவர்தான். படத்தைப் பார்த்தவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

யூரோவிஷன் போட்டியில் இவர்கள் கலந்துகொண்டார்களா?

யூரோவிஷன் என்பது ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி. இவர்கள் வந்தது போட்டியில் அல்ல, இடைவேளையில். ஆனால் பலன் போட்டியாளர்களுக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

1987-இல் ஜானி லோகன் அயர்லாந்துக்காக வென்றதால், அடுத்த ஆண்டுப் போட்டியை டப்ளினில் நடத்த வேண்டியதாயிற்று. நாள் 1988 ஏப்ரல் 30, இடம் ஆர்டிஎஸ் என்ற கண்காட்சி வளாகம். கிழட்டு நிகழ்ச்சி என்று பெயரெடுத்திருந்த யூரோவிஷனை இளமையாக்க வேண்டும் என்று ஐரிஷ் ஒலிபரப்பு நிறுவனம் முடிவெடுத்தது. இயக்குநர் டெக்லன் லௌனி, பின்னாளில் 'ஃபாதர் டெட்' நகைச்சுவைத் தொடரை இயக்கியவர். பாட்டுகள் முடிந்து மதிப்பெண் வரும்வரை உள்ள இடைவெளியில் வழக்கமாக நாட்டுப்புற நடனமோ ஆர்கெஸ்ட்ராவோ வரும். அந்த முறை வந்தது, ஹாட்ஹவுஸ் ஃப்ளவர்ஸ் ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சுற்றியபடி 'டோன்ட் கோ' பாடும் காணொளி.

யோசித்துப் பாருங்கள். அன்று யூடியூப் கிடையாது. ஒரு புதிய குழுவின் பாட்டு ஒரே இரவில், ஒரே நேரத்தில், கண்டம் முழுக்க வீட்டு வரவேற்பறைகளில் ஓடுகிறது. அதுவும் மதிப்பெண்ணுக்காக எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் கட்டாயம் உட்கார்ந்திருக்கும் நேரத்தில். எந்த விளம்பரப் பணமும் வாங்கித் தர முடியாத இடம் அது. 'டோன்ட் கோ' பிரிட்டனில் 11-ஆம் இடம் வரை போனது. இன்றுவரை அவர்களின் மிகப் பெரிய வெற்றி அதுவே.

அந்த இரவில் வென்றவர், சுவிட்சர்லாந்துக்காகப் பாடிய கனடா நாட்டுப் பெண், செலின் டியான். பிரிட்டனை ஒரே ஒரு மதிப்பெண்ணில் முந்தினார்: 137-க்கு 136.

'டோன்ட் கோ' பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

தலைப்பைப் பார்த்தால் சாதாரணக் காதல் கெஞ்சல். கேட்டுப் பார்த்தால் வேறு. பாட்டு காதலியிடம் தொடங்குவதில்லை. வெட்டிய புல்லின் வாசனையில் தொடங்குகிறது. பிறகு சாலையோரப் பூக்கள், அதன்மேல் வெயில், பூவைச் சுற்றி ரீங்காரமிடும் ஒரு ஈ, கதவுத்தூணின் நிழலில் படுத்திருக்கும் ஒரு கறுப்புப் பூனை. இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத்தான் போகாதே என்கிறது. காதலைக் காரணம் காட்டாமல் உலகத்தையே காரணம் காட்டி ஒருவரைத் தடுத்து நிறுத்தும் முறை இது. எனக்கு இந்தப் பாட்டில் பிடித்ததே அந்தப் பூனைதான்; வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்தில் நிலவு வந்திருக்கும்.

இசையில் கவனிக்க வேண்டியது, பியானோ தாள வாத்தியம் போல உழைப்பதும், பல்லவி வரும்போதெல்லாம் பல குரல்கள் சேர்ந்து பின்னால் நிற்பதும். காஸ்பல், அதாவது கறுப்பினத் தேவாலயப் பாட்டு, பாடும் குழுவின் அமைப்பு.

முதல் ஆல்பம் எப்படிப் போனது?

பெயர் 'பீப்பிள்'. 1988 மே மாதம், யூரோவிஷன் சூடு ஆறுவதற்குள் வந்தது. அயர்லாந்தில் ஒரே வாரத்தில் முதல் இடம். பிரிட்டனில் இரண்டாம் இடம். ஒரு ஐரிஷ் குழுவின் முதல் ஆல்பம் இவ்வளவு வேகமாக ஏறியதில்லை என்று அப்போது பேசப்பட்டது. 'ஐ'ம் சாரி', 'ஃபர்கிவன்', 'ஹலலூயா ஜோர்டன்' எல்லாம் இதில்தான்.

தயாரிப்பாளர்கள் கிளைவ் லாங்கர், ஆலன் வின்ஸ்டன்லி. 'மேட்னெஸ்' குழுவின் வெற்றிகளுக்குப் பின்னால் இருந்த இரட்டையர். 1982-இல் டெக்ஸிஸ் மிட்நைட் ரன்னர்ஸ் குழுவின் 'கம் ஆன் ஐலீன்' பாட்டிலும் இவர்கள் கை உண்டு. சோலையும் கெல்டிக் வயலினையும் ஒரே பாட்டில் கலந்து உலக வெற்றி கண்டவர்களையே நிறுவனம் தேடிப் பிடித்ததில் ஒரு கணக்கு இருக்கிறது.

என் அபிப்பிராயம்: ஆல்பம் நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் துடைத்து வைத்த மாதிரி இருக்கிறது. எண்பதுகளின் பளபளப்பு டிரம்ஸில் தெரிகிறது. மேடையில் பத்து நிமிடம் போகும் பாட்டை இங்கே நாலு நிமிடத்துக்குள் மடித்து வைத்திருக்கிறார்கள். செருப்பில்லாமல் வெறுங்காலோடு, நீள முடி முகத்தில் விழ, பியானோவோடு மல்லுக்கட்டும் லியமை மேடையில் பார்த்தவர்கள் ஆல்பம் போதாது என்று சொன்னால் நம்பலாம்.

'ராகிள் டாகிள்' என்று இவர்களைச் சொல்வது ஏன்?

எண்பதுகளின் கடைசியில் ராக்கும் நாட்டார் இசையும் கலந்து, தொப்பி, வெயிஸ்ட் கோட், மாண்டலின் சகிதம் திரிந்த ஐரிஷ் குழுக்களுக்குப் பத்திரிகைகள் ஒட்டிய பெயர். ஸ்காட்லாந்தின் மைக் ஸ்காட் தன் 'வாட்டர்பாய்ஸ்' குழுவோடு டப்ளினுக்கும் பிறகு கால்வே கடற்கரைக்கும் குடிவந்த காலம் அது. உடையும் நட்பும் ஒன்றாக இருந்ததால் ஒரே கூடையில் போட்டார்கள். இசையில் இவர்கள் சோல் பக்கம்தான் அதிகம் சாய்ந்தவர்கள்.

அடுத்து என்ன ஆயிற்று? ஏன் யூ2 அளவுக்கு வளரவில்லை?

இரண்டாவது ஆல்பம் 'ஹோம்', 1990. ஆஸ்திரேலியாவில் முதலிடம் பிடித்தது. ஜானி நாஷின் 'ஐ கேன் ஸீ கிளியர்லி நவ்' பாட்டை இவர்கள் பாடிய விதம் பிரிட்டனில் 23-ஆம் இடம். மெதுவாகத் தொடங்கி, கடைசியில் முழுத் தேவாலயமாக வெடிக்கும் பாட்டு அது. தெருப் பாடகனின் தந்திரம் அப்படியே தெரியும். இதற்கிடையில் அமெரிக்காவின் இண்டிகோ கேர்ள்ஸ் 1989-இல் வெளியிட்ட 'குளோசர் டு ஃபைன்' பாட்டிலும் இவர்கள் பின்னணி சேர்த்தார்கள். மூன்றாவது ஆல்பம் 'சாங்ஸ் ஃப்ரம் தி ரெயின்', 1993. ஓயாத பயணத்தில் களைத்து 1994-இல் இடைவெளி எடுத்துக்கொண்டார்கள். 1998-இல் 'பார்ன்' ஆல்பத்தோடு திரும்பினார்கள்.

வளரவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம் இதுதான். விளையாட்டரங்கத்தை நிரப்பும் பாட்டுக்கு ஒவ்வோர் இரவும் ஒரே மாதிரி வரும் கட்டமைப்பு வேண்டும். விளக்கும் திரையும் அதற்கேற்பத்தான் இயங்கும். இவர்கள் அன்றைய இரவின் கூட்டத்தைப் பார்த்து நீட்டவும் சுருக்கவும் பழகியவர்கள். பாட்டின் நடுவே ஐரிஷ் மொழிப் பாடல் ஒன்றுக்குத் தாவிவிட்டுத் திரும்புவார்கள். ஐந்நூறு பேர் கூடத்தில் அது விருந்து. ஐம்பதாயிரம் பேர் மைதானத்தில் பின்வரிசைக்காரன் தண்ணீர் வாங்கப் போய்விடுவான். அதோடு 1991-க்குப் பின் வானொலி கிரன்ஞ் என்ற இரைச்சல் கிட்டார் ராக் பக்கம் திரும்பிவிட்டது. சாக்ஸபோன் வைத்த ராக் குழுவுக்கு அது நல்ல காலமல்ல.

புதிதாகக் கேட்பவர் எதில் தொடங்கலாம்?

'டோன்ட் கோ', அதை விட்டுவிட்டு எதையும் தொடங்க முடியாது. அடுத்து 'ஹலலூயா ஜோர்டன்', பிறகு 'ஐ கேன் ஸீ கிளியர்லி நவ்'. இந்த மூன்றும் பிடித்தால் 'ஹோம்' ஆல்பத்தில் உள்ள 'ஷோலா ந நௌனா' என்ற ஐரிஷ் மொழிப் பாடலுக்குப் போங்கள். ஷான் நோஸ் பற்றி மேலே சொன்னது அங்கே காதில் விழும். லியமின் குரல் மட்டும் போதும் என்பவர்களுக்கு 2005-இல் அவர் தனியாக வெளியிட்ட 'ரியன்' இருக்கிறது. இசைத்தட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்கள் 'பீப்பிள்' ஆல்பத்துக்கு முன் மேடைப் பதிவு ஏதாவது கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.